பதினைந்து மீட்டர் பச்சை

அந்தத் தையல்காரரை ஊரில் எல்லாரும் 'அரை இஞ்ச்' என்றுதான் சொல்வார்கள். யார் வந்து என்ன அளவு சொன்னாலும் உள்மடிப்பில் அரை இஞ்ச் துணி சேர்த்து விட்டுத்தான் தைப்பார். "இன்னிக்கு ஒல்லியா இருக்கீங்க, சரி. நாளைக்கு உங்க வாய யாரு கட்டறது?" என்று முகத்துக்கு நேரே கேட்பார். கோபித்துக்கொண்டு போனவர்கள் இரண்டு வருஷத்தில் அந்த அரை இஞ்சைப் பிரித்துவிடச் சொல்லித் திரும்பி வந்தார்கள்.

கீழே கடை, மேலே குடித்தனம். கடையின் பின்கதவைத் திறந்தால் பன்னிரண்டு மீட்டர் தள்ளி ஓடை. நடுவில் இருந்த இடம் முழுக்க நாணலும் புதரும் கொடியும் பின்னிக்கொண்டு கிடந்தன. நட்ட நடுவே பேர் தெரியாத பெரிய மரம் ஒன்று. எதையும் யாரும் வைக்கவில்லை. வெட்டவும் இல்லை.

வெட்டாததற்குக் காரணம் இயற்கை மேல் காதல் அல்ல, சோம்பல்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பதினெட்டு வருஷமாக அவர் மனைவி, "அந்தக் காட்டைக் கொஞ்சம் வெட்டி விடக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவரும் பதினெட்டு வருஷமாக, "அடுத்த வாரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் டீ டம்ளரோடு பின்கதவில் சாய்ந்து நின்று அந்தப் புதரைப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கும். நீலமாக மீன்கொத்தி ஒன்று ஓடை மேல் தாழ்ந்த கிளையில் வந்து உட்காரும். அது மீனைப் பிடித்த பிறகுதான் இவர் மெஷினில் கால் வைப்பார். மழைக்காலத்தில் ஓடை கோபத்தோடு மேலேறி வரும். நாணலுக்குள் புகுந்து, வழி தெரியாமல் தடுமாறி, கோபம் ஆறித் திரும்பிப் போய்விடும். கடைக்குள் ஒருநாளும் தண்ணீர் வந்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்த நோட்டீஸ் வந்தது. வந்தது என்றால் தபாலில் அல்ல. பின்கதவின் இரண்டு பலகையையும் சேர்த்துப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். 'இதைக் கிழிப்பது தண்டனைக்குரிய குற்றம்' என்று அடியில் அச்சடித்திருந்ததால் கதவைத் திறக்க முடியவில்லை. தையல்காரர் முன்பக்கமாக இறங்கித் தெருவைச் சுற்றிக்கொண்டு போய், தன் கதவைத் தானே வெளியில் நின்று படித்தார்.

'நீரோடைக்கரைப் பசுமைப்பட்டை உருவாக்கம் மற்றும் பேணல் பிரிவு' என்று தலைப்பு. ஓடையின் இரு பக்கமும் பதினைந்து மீட்டருக்குச் செடி கொடிகள் இருக்க வேண்டும். கரையோரம் குடியிருப்போர் ஏழு நாளுக்குள் படிவம் நிரப்பித் தர வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

தையல்காரருக்கு மார்பு இரண்டு இஞ்ச் விரிந்தது. சட்டம் வருவதற்கு முன்பே தான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டிருந்தது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பாத்தியா? நான் ஏன் வெட்டாம விட்டேன்னு இப்பவாவது புரியுதா? இதுக்குப் பேருதான் தொலைநோக்கு."

"தூக்கத்துக்கு இப்படி ஒரு பேரு இருக்கறது எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள் மனைவி, பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து தலை தூக்காமல்.

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். பசுமைப்பட்டைப் பிரிவு இரண்டாம் மாடியில் இருந்தது. எழுத்தர் மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் செடியின் இலைகளை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடியும்வரை நிற்க வைத்துவிட்டு, படிவத்தை எடுத்தார்.

"பட்டைல செடி இருக்கா?"

"நிறைய இருக்கு சார்."

"யாரு வெச்சது?"

"யாரும் வைக்கல. தானா வளந்தது."

எழுத்தர் பேனாவை மூடினார். "தானா வளந்ததுன்னு எழுதறதுக்குக் கட்டம் இல்ல. தனிநபர், நிறுவனம், அரசு. மூணுல ஒண்ணச் சொல்லுங்க."

"மூணு பேருமே அந்தப் பக்கம் போனதில்லீங்களே."

"அப்போ செடி இல்லன்னு போட்டுக்கறேன்."

"சார், இருக்கு சார்!"

"இருக்குன்னா யாராவது வெச்சிருக்கணும்ல? வைக்காம எப்படிங்க இருக்கும்? நாங்க பதினாலு எடத்துல செடி வெச்சோம். ஒரு எடத்துலயும் இல்ல. வெச்சதே இல்லாதப்போ, வைக்காதது மட்டும் எப்படி இருக்கும்? நீங்களே யோசிச்சுப் பாருங்க."

தையல்காரர் யோசித்துப் பார்த்தார். எழுத்தர் மனமிரங்கி, "உங்க நல்லதுக்குச் சொல்றேன். தனிநபர்னு போட்டுடலாம். பேரு உங்களுக்குத்தானே வரும்" என்றார். தையல்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு, வழியில் இருவரிடம் தான் ஒரு காடு வளர்த்த கதையைச் சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

பத்தாம் நாள் இரண்டாவது நோட்டீஸ் வந்தது. பாதுகாக்கப்பட்ட பட்டைக்குள் முன் அனுமதி இல்லாமல், பட்டியலில் இல்லாத தாவரங்களைத் தனிநபர் ஒருவர் வளர்த்துவந்தது அவரது ஒப்புதல் வாக்குமூலத்தின் மூலம் தெரியவந்திருப்பதால், நேரில் ஆய்வு செய்யப்படும் என்று இருந்தது.

ஆய்வுக்கு மூன்று பேர் வந்தார்கள். பட்டை அலுவலர், அளவையாளர், தாவர நிபுணர். அலுவலர் வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் அவருக்கு எல்லாச் செடியும் ஏற்கெனவே கருகியது போலத் தெரிந்தது.

முதலில் ஓடை எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. தண்ணீரின் ஓரத்திலிருந்து என்றார் அளவையாளர். மேட்டின் விளிம்பிலிருந்து என்றார் நிபுணர். தையல்காரர் பணிவாக, "கோடைல ஓரம் உள்ள போயிடும், மழைல வெளிய வரும். எந்த ஓரம்னு சொல்றீங்க?" என்று கேட்டார்.

அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். முக்கியமாகப் பேசும்போது அவர் அப்படிச் செய்வது வழக்கம்.

"டெய்லர், உங்களுக்கு ஒரு அடிப்படை விஷயம் சொல்றேன். ஓடைன்னா தண்ணின்னு நெனச்சிட்டிருக்கீங்க. தண்ணி இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். அத நம்பி ஒரு துறைய நடத்த முடியுமா? எங்களுக்கு ஓடைன்னா வரைபடத்துல இருக்கற கோடு. கோடு வத்தாது, பொங்காது, நாறாது. அந்தக் கோட்டத்தான் நாங்க பாதுகாக்கறோம்."

கோட்டிலிருந்து அளக்கலாம் என்று முடிவானது. அப்போதுதான் அளவையாளர் நாடா கொண்டுவர மறந்தது தெரிந்தது. வேறு வழியில்லாமல் தையல்காரரின் இஞ்ச் டேப்பை வாங்கினார்கள். ஒன்றரை மீட்டர் டேப்பைப் புதருக்குள் வைத்து வைத்து அளந்துகொண்டு வந்தார்கள். ஆறாவது தடவையில் அளவையாளர் முள்ளில் மாட்டிக்கொண்டு எண்ணிக்கையை மறந்தார். முதலிலிருந்து அளந்தார்கள். பன்னிரண்டு மீட்டரில் பின்கதவு வந்தது. ஒட்டியிருந்த நோட்டீஸைத் தாங்களே கிழித்துவிட்டுக் கதவைத் தாண்டி உள்ளே வந்தார்கள். பதினைந்தாவது மீட்டர், கட்டிங் மேஜையின் நடுவில் முடிந்தது.

அளவையாளர் தையல்காரரின் சாக்பீஸை எடுத்து மேஜை குறுக்கே கோடு போட்டார். அன்றைக்கு அவர் போட்ட கோடுகளிலேயே அதுதான் நேராக இருந்தது.

"இந்தப் பக்கம் பட்டை, அந்தப் பக்கம் கடை. பட்டைக்குள்ள தொழில் பண்ணக்கூடாது" என்றார் அலுவலர்.

"மேஜை ஒண்ணுதானேங்க இருக்கு?"

"பாதி உங்களுக்கு விட்டிருக்கோமே."

மாடிப்படியில் நின்றிருந்த மனைவி, "மேல எங்க அடுப்பு இருக்கே, அது எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

அலுவலர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "மாடியப் பத்தி விதில இல்ல. விதி தரையோட முடிஞ்சிருச்சு. நீங்க சமைக்கலாம்மா."

"நல்ல மனசு" என்றாள் அவள்.

இதற்குள் தாவர நிபுணர் புதருக்குள் போய் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தார். அவர் கையில் அங்கீகரிக்கப்பட்ட நாற்பத்தோரு தாவரங்களின் படப் புத்தகம் இருந்தது. இங்கிருக்கும் எந்தச் செடியும் அதோடு ஒத்துப்போகவில்லை என்றார். தையல்காரர் எட்டிப் பார்த்தார். படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை.

"சார், நாணல்னு இதுல போட்டிருக்கே. பின்னாடி இருக்கறதும் நாணல்தானே?"

"படத்துல இருக்கறது கறுப்பா இருக்கு. உங்களோடது பச்சையா இருக்கே" என்றார் நிபுணர்.

முப்பது நாளுக்குள் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் கடைக்குச் சீல் என்று உத்தரவு எழுதினார்கள். தையல்காரர் நாட்காட்டியைப் பார்த்தார். பள்ளிக்கூடச் சீருடை ஆறு டஜன் ஒப்புக்கொண்டிருந்தார். பள்ளி திறக்க ஆறு வாரந்தான் இருந்தது.

"சார், செடி வேணும்னுதானே சட்டம்? செடி வேணும்ங்கறதுக்காகச் செடிய வெட்டறதா?"

அலுவலர் அவர் தோளில் கை போட்டார். "உங்க தொழில்லயே சொல்றேன். அளவெடுக்காம எவனோ தெச்ச சட்டை ஒருத்தனுக்குக் கச்சிதமா இருக்குன்னு வைங்க. அது சரியான சட்டையா? இல்ல. அது விபத்து. விபத்த நாங்க அனுமதிக்க முடியாது."

வெட்டும் வேலையைத் துறையே ஏற்றுக்கொண்டது. ஒரு காலையில் மண்வாரி இயந்திரம் வந்தது. பதினெட்டு வருஷமாக அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்ட வேலை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. பெரிய மரம் விழும்போது கடைக்குள் நூல்கண்டுகள் அலமாரியில் குதித்தன. தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுச் சத்தம் அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மனைவி முதலில், "அப்பாடா, வெளிச்சம் வந்துச்சு" என்றாள். சாயங்காலம் கதவருகே போய் நின்று பார்த்தாள். சேலை உருவப்பட்டவளைப் போல ஓடை கூசிக்கொண்டு கிடந்தது. அக்கரை வீடுகளின் கழிவுக் குழாய்கள் வரிசையாகத் தெரிந்தன. மீன்கொத்தி வந்து, கிளை இருந்த இடத்தில் வெறும் காற்றில் ஒரு கணம் சிறகடித்துவிட்டுப் போனது.

"என்னங்க, நான் சும்மாதான் சொல்லிட்டிருந்தேன். வெட்டுவீங்கன்னா சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள். அவளே கதவைச் சாத்தினாள்.

அங்கீகரிக்கப்பட்ட செடிகள் இரண்டு நாளில் வரும் என்றார்கள். வரவில்லை. தையல்காரர் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தார். துறையின் நாற்றுப் பண்ணையும் ஓர் ஓடைக்கரையில், பதினைந்து மீட்டருக்குள் இருந்ததால், பசுமைப்பட்டைச் சட்டப்படி அதற்குச் சீல் வைத்துவிட்டார்களாம். "எங்க துறைன்னு கூட நாங்க பாக்கல" என்று எழுத்தர் பெருமையாகச் சொன்னார்.

ஆனால் வேலை நிற்கவில்லை. செடி தவிர மற்றதெல்லாம் வந்தது. கம்பி வேலி போட்டார்கள். பட்டையைப் பார்வையிட நடுவில் சிமெண்டுப் பாதை போட்டார்கள். பார்வையிட்டுக் களைப்பவர்கள் உட்காரக் கல் பெஞ்சு போட்டார்கள். 'இப்பகுதியில் கட்டுமானம் தடைசெய்யப்பட்டுள்ளது' என்ற பெரிய பலகையை நிறுத்த, ஆள் உயரத்துக்குக் குழி தோண்டிக் கான்கிரீட் நிரப்பினார்கள். இயக்குநர் வந்து திறந்துவைப்பதற்காகக் கரை விளிம்பிலேயே சிமெண்டு மேடையும் எழும்பியது.

இதற்கிடையில் தையல்காரர் பாதி மேஜையில் துணி வெட்டிப் பழகினார். சட்டை பரவாயில்லை, மடித்துப் போட்டு வெட்டலாம். பேண்ட்தான் கஷ்டம். வெட்டும் கால் கடையில் இருந்தால், காத்திருக்கும் கால் பட்டைக்குள் தொங்கும். வாரம் ஒருமுறை அளவையாளர் வந்து சாக்பீஸ் கோடு அழியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் கோடு லேசாக அழிந்திருந்தது. "எல்லைய நீங்களே அழிக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு, புதிதாகப் போடும்போது கைதவறி அரை இஞ்ச் தள்ளிப் போட்டார். தையல்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்த அரை இஞ்ச் தன் பக்கம் வந்ததால் பேசவில்லை.

திறப்பு விழாவுக்கு முன்னால் மூன்று நாள் விடாத மழை. விழா அன்று காலை கொஞ்சம் வெறித்தது. செடி இல்லாமல் பசுமைப்பட்டையை எப்படித் திறப்பது என்று கடைசி நேரத்தில் அலுவலருக்குத் தோன்றியதால், கல்யாண மண்டபங்களுக்கு அலங்காரம் செய்பவரிடமிருந்து அறுபது பூந்தொட்டி வாடகைக்கு வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் திருப்பித் தர வேண்டும் என்று அலங்காரக்காரர் தொட்டிக்குத் தொட்டி சீட்டுக் கட்டியிருந்தார்.

இயக்குநர் கனத்த உடம்புக்காரர். புது பேண்ட் போட்டிருந்தார். தையல்காரர் பார்த்ததுமே, "உள்ள அரை இஞ்ச் விடாம தெச்சிருக்கான், பாவி" என்று மனைவியிடம் முணுமுணுத்தார். மேடையில் இயக்குநரும் அலுவலரும் நிபுணரும் ஏறிக்கொண்டார்கள். இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அன்பார்ந்த கரையோர மக்களே! ஒரு மாசத்துக்கு முன்னாடி இந்த எடத்துல என்ன இருந்துச்சு? வெறும் செடி! செடியும் மரமும் மட்டுந்தான் இருந்துச்சு. கேக்க நாதி இல்ல. அதுக்கு ஒரு கோப்பு உண்டா? ஒரு எண் உண்டா? ஒரு பலகையாவது உண்டா? இன்னிக்குப் பாருங்க. எங்க பாத்தாலும் திட்டம்! செடி என்னிக்கு வேணாலும் வரும். திட்டம் வருமா?"

கைதட்டினார்கள். தூறல் ஆரம்பித்தது.

"சில பேர் கேக்கறாங்க, வேர் இல்லாம மண்ணு நிக்குமான்னு. நான் சொல்றேன், இந்த மண்ணு எதுல நிக்குது தெரியுமா? எங்க உறுதில நிக்குது!"

மேடை அசைந்தது அப்போதுதான். சத்தமில்லை, அவசரமும் இல்லை. மூன்று நாள் மழையில் கூழான கரை, பெருமூச்சு விட்டதுபோல் இடம் கொடுத்தது. பந்தியிலிருந்து எழுந்து கை கழுவப் போகிறவரைப் போல மேடை நிதானமாகச் சரிந்து ஓடைக்குள் இறங்கியது. தொட்டிகள் முன்னால் போயின, அலுவலரும் நிபுணரும் பின்னால் போனார்கள். இயக்குநர் கடைசிவரை ஒலிவாங்கியை விடவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "எல்லாரும் அமைதியா இருங்க" என்றார்.

தையல்காரர் சீருடைத் துணி உருளையை எடுத்துக்கொண்டு ஓடினார். நாலு முழம் மடித்து முறுக்கிக் கரையிலிருந்து வீசினார். ஒவ்வொருவராகப் பிடித்து ஏறினார்கள். இயக்குநர் ஏறும்போது அவர் பேண்ட் பின்பக்கம் நெடுக டர்ரென்று பிரிந்தது.

நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் மழை வலுத்தது. தடுக்க நாணல் இல்லாத ஓடை, சிமெண்டுப் பாதை வழியாகவே நேராக நடந்து பின்கதவுக்கு வந்தது. கடைக்குள் கணுக்கால் தண்ணீர். தைத்து வைத்த சீருடைக் கட்டுகள் கீழ்த் தட்டில் இருந்தன.

"நின்னு பாத்துட்டிருக்காதீங்க, வாங்குங்க!" என்று மாடிப்படியிலிருந்து மனைவி கத்தினாள். யாரைச் சொன்னாளோ தெரியாது. இயக்குநர் முதலில் கை நீட்டினார். தையல்காரர் எடுத்துக் கொடுக்க, அலுவலர் வாங்கி நிபுணரிடம் தர, நிபுணர் இயக்குநரிடம் தர, அவர் கிழிந்த பேண்டோடு படியேறி அவளிடம் சேர்த்தார். ஆறு டஜனும் நனையாமல் மேலே போயிற்று. அந்தத் துறையின் மூன்று படிநிலைகளும் ஒரு பொருளை இவ்வளவு வேகமாகக் கைமாற்றியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு இயக்குநர் துண்டு கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பேண்டைத் தைத்துக் கொடுக்கச் சொன்னார். தையல்காரர் அதை மேஜையில் விரித்தார். கொஞ்சம் யோசித்தார். மடித்து வைத்துவிட்டார்.

"என்னாச்சு?"

"ரொம்பப் பெரிய பேண்ட் சார். பாதி மேஜைல அடங்கல. இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பட்டை. அங்க தொழில் பண்ணக்கூடாதுன்னு உத்தரவு."

இயக்குநர் அலுவலரைப் பார்த்தார். அலுவலர் ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"நான் சொல்றேன், தைங்க."

"வாய்ல சொன்னா நாளைக்கு யாரு சார் நம்புவாங்க? எழுத்துல இருந்தா நல்லது."

வெளியே ஊர் ஜனம் நின்றுகொண்டிருந்தது. துண்டோடு வீட்டுக்குப் போக முடியாது. தையல்காரரின் அளவு நோட்டில், யாரோ ஒருவருடைய இடுப்பளவுக்குக் கீழே, 'மேற்படி மேஜை முழுவதும் கடையைச் சேர்ந்தது. பின்கதவுக்கு இப்பால் பட்டை இல்லை' என்று இயக்குநர் தன் கைப்பட எழுதித் தேதி போட்டார். தையல்காரர் இரண்டு முறை படித்துவிட்டு ஊசியில் நூல் கோத்தார். கால் மணி நேரத்தில் பேண்ட் தயாரானது. உள்ளே அரை இஞ்ச் விட்டிருந்தார்.

விசாரணைக் குழு போட்டார்கள். 'ஓடையானது முன் அனுமதியின்றிப் பட்டைக்குள் பன்னிரண்டு மீட்டர் புகுந்துள்ளது' என்று அறிக்கை வந்தது. ஓடைக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. அதை எந்த முகவரிக்கு அனுப்புவது என்ற கேள்வியோடு கோப்பு மேலே போயிற்று. மேலே போன கோப்பு அங்கேயே தங்கிவிட்டது. கோப்பு வரும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது என்று வாய்மொழி உத்தரவு. மேடை ஓடைக்குள் கவிழ்ந்து கிடந்தது. அதன் பிறகு யாரும் வரவே இல்லை.

யாரும் வராத இடத்துக்கு முதலில் புல் வந்தது. உடைந்த சிமெண்டு இடுக்கில் கோரை வந்தது. வெட்டுப்பட்ட மரத்தின் அடியில் நாலைந்து கொழுந்து கிளம்பி, ஆள் உயரம் போயின. அடுத்த மழைக்கு முன்னால் நாணல் கம்பி வேலியைக் கீழே தள்ளி மேலே படுத்துக்கொண்டது. தையல்காரர் மறுபடி டீ டம்ளரோடு கதவில் நிற்க ஆரம்பித்தார். மனைவியும் ஒரு டம்ளரோடு வந்து நின்றாள். "அங்க பாருங்க, உங்க ஆளு" என்று அவள்தான் முதலில் மீன்கொத்தியைக் காட்டினாள்.

ஒரு வருஷம் கழித்து, தலைநகரிலிருந்து பெரிய அதிகாரிகள் திட்டத்தைப் பார்க்க வந்தார்கள். மற்ற இடங்களில் பலகைகள் மட்டும் நின்றன. வேறு வழியில்லாமல் இயக்குநர் நடுக்கத்தோடு இங்கே கூட்டிவந்தார். வந்தவர்கள் பின்கதவில் நின்று ஆளுக்கு நாலு படம் எடுத்தார்கள். பாராட்டுப் பத்திரம் இயக்குநருக்கு என்று அங்கேயே முடிவானது. 'அறிவியல் முறையில் உருவாக்கப்பட்ட முன்மாதிரிப் பட்டை' என்று செய்தி போட்டார்கள்.

எல்லாரும் வண்டி ஏறிய பிறகு இயக்குநர் மட்டும் மெல்லத் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"டெய்லரே, உண்மையச் சொல்லுங்க. என்ன போட்டீங்க இதுக்கு?"

"ஒண்ணும் போடல சார்."

"ஏதாவது செஞ்சிருப்பீங்க. மத்த எடத்துலயும் பண்ணனும். என் மானப் பிரச்சினை."

தையல்காரருக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. "சார், தப்பா நெனைக்கக் கூடாது. உங்க ஆளுங்க யாரும் இந்தப் பக்கம் வரல. அவ்வளவுதான் ரகசியம்."

இயக்குநர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது. 'பசுமைப்பட்டைக்குள் துறை அலுவலர் எவரும் நுழையக் கூடாது.' தையல்காரர் அதைப் படித்து, இந்தத் துறையிலும் புத்தி உள்ளவர்கள் இருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டார். அடுத்த பக்கத்தைத் திருப்பியிருக்கக் கூடாது. அலுவலர்கள் நுழையாமல் இருப்பதை உறுதி செய்ய, 'நுழையாமைக் கண்காணிப்புப் பிரிவு' புதிதாகத் தொடங்கப்பட்டிருந்தது. ஓடை ஒன்றுக்கு இரண்டு கண்காணிப்பாளர்கள். பட்டைக்குள் அவர்கள் நுழைய முடியாது என்பதால், பட்டையைப் பார்த்த மாதிரி இருக்கும் மிக அருகாமைக் கட்டடத்தில் அமர வேண்டும்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு இருவரும் தையல்கடையில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் நெட்டை, இன்னொருவர் மூக்குக்கண்ணாடிக்காரர். மணிக்கொரு தரம் பின்கதவு வழியாகப் பார்த்து, 'எவரும் நுழையவில்லை' என்று பதிவேட்டில் எழுதுவார்கள். ஒரு மணிக்குச் சாப்பாடு. ஐந்து மணிக்கு வீடு. நடுவில் கொட்டாவி.

முதல் வாரம் தையல்காரரின் மனைவி பொறுத்துப் பார்த்தாள். இரண்டாவது வாரம் நெட்டையின் மடியில் ஒரு சட்டையையும் டப்பா நிறையப் பட்டனையும் வைத்தாள்.

"தம்பி, சும்மாதானே இருக்கீங்க? இத வெச்சுக் குடுங்க."

"அம்மா, எங்க பணி விதில..."

"விதில பட்டன் வைக்கக்கூடாதுன்னு இருக்கா?"

இல்லை. நெட்டை பதிவேட்டின் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டார். கண்ணாடிக்காரர் முதலில் சிரித்தார். மூன்றாம் நாள், "அந்த ஊசிய இங்க குடு, நீ நாலு ஓட்டைல மூணத்தான் தெக்கிற" என்று பிடுங்கிக்கொண்டார். மாதக் கடைசியில் பட்டன் வேலை முழுக்க அவர்கள் கைக்குப் போய்விட்டது. வீட்டில் எந்த வேலையும் செய்யாத தன் கணவன் இப்போது துவைத்த துணிகளில் பட்டன் சரிபார்க்கிறான் என்று நெட்டையின் மனைவி வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

கண்காணிப்பைக் கண்காணிக்க ஒருநாள் இயக்குநரே கோட் போட்டுக்கொண்டு வந்தார். கடைக்குள் நுழைந்து நேராகப் பின்கதவுக்கு நடந்தார். இருவரும் பாய்ந்து குறுக்கே நின்றார்கள்.

"சார், மன்னிக்கணும். அலுவலர் யாரும் உள்ள போகக் கூடாது."

"நான் இயக்குநர்யா."

"சுற்றறிக்கைல நீங்கதான் சார் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

இயக்குநருக்குக் கோபம் வந்து, பெருமை வந்து, எதைக் காட்டுவது என்று தெரியாமல் நின்றார். கண்ணாடிக்காரர் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை முகத்தில் இல்லை, வயிற்றில் இருந்தது.

"சார், கோட்டுல ரெண்டாவது பட்டன் ஆடுது. கழட்டுங்க."

இயக்குநர் கழற்றிக் கொடுத்தார். கண்ணாடிக்காரர் வெளிச்சத்துக்காகப் பின்கதவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, நிறம் பார்த்து நூல் எடுத்து, நாலு ஓட்டையிலும் மும்மூன்று தரம் ஓட்டி, அடியில் சுற்றி முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் அறுத்தார். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிஷம் இருக்கும். அந்தத் துறை ஆரம்பித்த நாளிலிருந்து, உருப்படியான ஒரு வேலையை எடுத்த அன்றைக்கே முடித்தது அதுதான் முதல் தடவை.

தையல்காரரின் மனைவி கோட்டை வாங்கி, பட்டனை இழுத்துப் பார்த்தாள்.

"பரவால்ல. அடுத்த வாரம் காஜா சொல்லித் தரேன்" என்றாள்.